பதினொரு கதவு வீடு

அந்த வீட்டில் பதினொரு கதவுகள் இருந்தன. திறந்து மூடுவது ஒன்றுதான். மற்ற பத்தும் சுவர்கள்.

தஞ்சோங் பகாரிலும் சைனாடவுனிலும் பழைய கடைவீடுகளை இடிக்கும் வேலை ஆம்ப்ரோசுக்கு. ஊரார் வீடுகளை இடித்த கைக்குச் சொந்த வீடில்லை. கெர்பாவ் ரோட்டில் அவனும் மனைவி பிரிஜட்டும் ஒண்டியிருந்த அறையையும் காலி செய்யச் சொன்னபோது, எழுபத்தைந்தாம் ஆண்டில், புக்கிட் பாஞ்சாங் கம்பத்துக் கிராமத்தின் கடைசியில் ஒரு சீனத் தோட்டக்காரர் கொஞ்சம் இடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கீரைப் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைத்துத் தர வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. இடித்த இடங்களிலிருந்து தினமும் எதையாவது லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான் ஆம்ப்ரோஸ். ரயில் தண்டவாளத்தின் அடியில் கிடந்த கட்டைகள் தூண்களாயின. துறைமுகத்துப் பெட்டிப் பலகை தரையாயிற்று. கடைவீட்டுக் கதவுகளை நிறுத்தி ஆணியடித்தான். மேலே தகரம். மின்சாரம் இல்லை, குழாய் இல்லை. கூரைத் தண்ணீரை இரண்டு பீப்பாய்களில் பிடித்தார்கள். அரிக்கேன் விளக்கு எரிந்தது. பழைய கார் பேட்டரியில் வானொலி பாடியது.

எல்லாவற்றையும் பிரிஜட் தாங்கிக்கொண்டாள். பாம்பைக்கூட. அவளுக்குப் பயம் காட்டியது, திறந்து மூடும் அந்தப் பதினோராவது கதவுதான்.

அது பொத்தோங் பாசிரில் இடித்த ஒரு கம்பத்து வீட்டின் பச்சைக் கதவு. அதன் நெற்றியில் சிவப்புப் பெயிண்டில் 417 என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் கம்பத்து வீடுகளை அதிகாரிகள் கணக்கெடுத்து ஒவ்வொன்றுக்கும் இப்படி எண் போட்டிருந்தார்கள். எண் உள்ள வீட்டுக்காரர்களுக்கு, ஒருநாள் கம்பம் காலியாகும்போது, அடுக்குமாடியில் வீடு கிடைக்கும். எண் இல்லாதது கணக்குக்குப் பிறகு முளைத்த வீடு. அதை வந்து பெயர்த்துவிட்டுப் போவார்கள்.

கதவை மாட்டிய அன்றே பிரிஜட் கேட்டாள். "என்னங்க, இது யாரு நம்பரோ. சொரண்டிடுங்க."

"சொரண்டினா புது வீடுன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும். இருக்கட்டும் லா. செவப்பு பெயிண்ட்ட பார்த்தா போயிடுவான். எவன் நின்னு படிக்கப் போறான்?"

"பக்கத்துல பூவம்மா வீடு அறுபத்திரெண்டு. நாம மட்டும் நானூத்திப் பதினேழா?"

"நடுவுல இருந்த வீடெல்லாம் இடிஞ்சு போச்சுன்னு சொல்லு. இடிச்சதே என் வீட்டுக்காரர்தான்னும் சொல்லு."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு காக்கிச் சட்டைக்காரர் வந்தார். பிரிஜட் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. மூத்தவள் உர்சுலா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கதவைப் பார்த்தார். பூவம்மா வீட்டுக் கதவைப் பார்த்தார். மறுபடி இந்தக் கதவைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நோட்டில் ஏதோ எழுதினார். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

என்ன எழுதினார்?

ஏழு வருடம் அந்தக் கேள்வி அவளோடு எழுந்தது, அவளோடு சமைத்தது. மண்பாதையில் பூட்ஸ் சத்தம் கேட்டால் அடுப்பை விட்டுவிட்டுக் கதவுக்கு ஓடுவாள். ஓஃபியர் ரோட்டு லூர்து மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது, அண்டை வீட்டாரோடு போட்ட சண்டை முதல் பூசைக்குத் தாமதமாக வந்தது வரை எல்லாவற்றையும் சொல்லுவாள். கதவைப் பற்றி மட்டும் வாய் வராது. சாமியாருக்குத் தெரிந்தால் கடவுளுக்கும் தெரிந்துவிடுமே என்று பயந்தவளைப்போல.

எண்பத்து நாலில் அந்த நாள் நெருங்கியது. கம்பம் காலியாகப் போகிறது, இந்த வாரம் வீடு வீடாக வந்து சரிபார்ப்பார்கள் என்று தகவல் வந்தது. கிணற்றடியில் பூவம்மா வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பிரிஜட்டக்கா, கேட்டீங்களா? மண்டாய் பக்கம் ஒருத்தன் பொய் நம்பர் எழுதி வச்சிருந்தானாம். வீட்டையும் இடிச்சுட்டு ஆளையும் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்."

"கூட்டிட்டு எங்க?"

"எங்கன்னு யாரு கேட்டா? ஆளு திரும்பலையாம். உங்களுக்கென்ன பயம்? உங்க வீட்டுக்காரர் இத்தன கதவு கொண்டாந்தாரே, தொடைக்க இன்னொரு பொண்டாட்டியும் கொண்டாந்திருக்கலாம்." பூவம்மா தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள்.

பிரிஜட் தண்ணீரைச் சிந்தச் சிந்த வீட்டுக்கு நடந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். கட்டிலடியில் ஆம்ப்ரோசின் கருவிப் பெட்டி. அதிலிருந்து இழைப்புளியை எடுத்தாள். முக்காலியில் ஏறிக் கதவின் நெற்றியை இழைக்கத் தொடங்கினாள். பழைய மரம். சுலபத்தில் விடவில்லை. தோள் கழன்றுவிடும்போல வலித்தது. பச்சையும் சிவப்புமாகச் சுருள் சுருளாக விழுந்தது. முதலில் நாலு போயிற்று. பிறகு ஒன்று. கடைசியில் ஏழு. கதவில் வெளுத்த மரம் மட்டும், ஆறாத புண்ணைப்போல, மிச்சமிருந்தது.

அடுப்பு மூட்ட முதல் கைப்பிடிச் சுருளைப் போட்டாள். மற்றதை, காய்ந்த மரச்சீவலை வீணாக்கும் பழக்கம் இல்லாததால், பிஸ்கட் டின்னில் அள்ளி வைத்தாள்.

மாலையில் வந்த ஆம்ப்ரோஸ் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன பண்ணி வச்சிருக்க பிரிஜட்டு? நம்பர் இல்லாத வீட்ட என்ன பண்ணுவாங்கன்னு தெரியாதா உனக்கு?"

"பொய் நம்பர் வச்சவன என்ன பண்ணுவாங்கன்னும் தெரியுங்க. வீடு போனா போவட்டும். நீங்க எனக்கு வேணும்."

அன்று இரவு அவன் சோற்றைப் பிசைந்துவிட்டு உண்ணாமல் எழுந்ததை உர்சுலாகூடப் பார்த்தாள். "டாடிக்கு ஃபீவரா மம்மி?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை, அவன் வேலைக்குப் போன பிறகு, அதிகாரி வந்தார். முப்பது வயதுக்காரர். ஒரு கையில் ஃபைல், மறு கையில் மங்கிப்போன எண்களைத் திருப்பி எழுதும் சின்னப் பெயிண்ட் டப்பா. ஹனீபா என்று பெயர் சொன்னார். தமிழில்தான் பேசினார். அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. தெரியாத பாஷை என்று ஒளிந்துகொள்ள முடியாதே.

"அக்கா, நானூத்திப் பதினேழு எந்த வீடு?"

வலை விரித்துவிட்டார்கள் என்று நினைத்தாள்.

"இந்த வரிசையிலதான் இருக்கணும். இதுல நம்பரே இல்லையே." அவர் வெளுத்த மரத்தை விரலால் தடவினார். "புதுசா இழைச்சிருக்கு. நம்பர் இல்லைன்னா நான் புது வீடுன்னுதான் எழுத முடியும், அக்கா. எழுதிட்டா என் கையில ஒண்ணும் இல்ல."

சுவரில் தொங்கிய சிலுவையைப் பார்த்தாள் பிரிஜட்.

"அது எங்க நம்பர் இல்ல, சார். கதவு வேற ஊர்லேர்ந்து வந்தது. நம்பரும் அதோடயே வந்தது. எங்க வீட்டுக்காரர நீங்க ஒண்ணும் செய்யக்கூடாது. சொரண்டினது நான்தான்."

ஹனீபா ஃபைலைப் புரட்டினார். ஒரு பழுத்த தாளில் அவர் விரல் நின்றது. அவர் அதை மெதுவாகப் படித்துச் சொன்னார்.

"எழுபத்தேழுல ஒருத்தர் எழுதியிருக்காரு. 'பச்சைக் கதவு. எண் 417. வரிசையில் சேராத எண். ஆனால் வீடு இருக்கிறது. கணவன், மனைவி, ஒரு பெண் குழந்தை. மனைவி கர்ப்பமாக இருக்கிறார். இந்த எண்ணிலேயே பதிவு செய்தேன்.'"

பிரிஜட் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருடமாக அவள் பயந்த அந்தப் பென்சில் அவளுடைய வீட்டைத்தான் எழுதியிருந்தது. அவர்களைக் காப்பாற்றியிருந்த எண்ணை அவளே தன் கையால் இழைத்துத் தள்ளியிருந்தாள்.

"எங்க புக்குல அது உங்க நம்பர்தான். ஆனா இந்தக் கதவுல அது இருந்துச்சுன்னு எனக்கு எதாவது அடையாளம் தெரியணுமே. நாளைக்கு மேலதிகாரி வருவாரு. கேப்பாரு."

அவள் உள்ளே ஓடினாள். பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வாசல் பலகையில் கவிழ்த்தாள். சுருள்களை ஒவ்வொன்றாக விரித்து அடுக்கினாள். பிரித்தால் முறிந்தது, விட்டால் சுருண்டது. சிவப்பு விளிம்புகள் ஒன்றோடொன்று சேரும்வரை தேடினாள். ஒன்று வந்தது. அரைமணி நேரத்துக்குப் பிறகு ஏழும் வந்தது.

"நாலு எங்க, அக்கா?"

"நேத்து சோறு ஆக்கிட்டேன், தம்பி."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா, கண்ணைத் துடைத்தாரா, அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து ஒரு சுருளைக் கதவின் விளிம்பில் மிஞ்சியிருந்த பச்சையோடு வைத்துப் பார்த்தார். பொருந்தியது. "இது போதும்," என்றார். டப்பாவைத் திறந்து, வெளுத்த மரத்தின் மேல், 417 என்று எழுதினார்.

"கம்பம் காலியாகுற வரைக்கும் இதுல கை வைக்காதீங்க. காயட்டும்."

அவர் பாதை வளைவில் மறைந்தபோது வானம் கருத்தது. முதல் துளி தகரத்தில் விழுந்த சத்தம் அவளுக்குப் பூட்ஸ் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. பெயிண்ட் இன்னும் பளபளத்தது.

வேலை சீக்கிரம் முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்த ஆம்ப்ரோஸ், கொட்டும் மழையில் மனைவி முக்காலியின் மேல் நிற்பதைப் பார்த்தான். வீட்டிலிருந்த ஒரே குடையைக் கதவின் நெற்றிக்குப் பிடித்திருந்தாள். தலைமுதல் கால்வரை அவள் நனைந்திருந்தாள்.

"உள்ள போகாம ஏன்டி இப்படி நனையுற?"

அவள் குடையை அசைக்கவில்லை.

"மெதுவா பேசுங்க," என்றாள். "இன்னும் ஏழு காயல."