ஆந்திராவுக்குப் போன புயல்

கத்திரி வெயிலில் மத்தியானம் தாண்டியதும் கடற்காற்று வந்து கழுத்து வேர்வையை ஆற்ற வேண்டும். அது வராமல் மேற்கேயிருந்து அனல் அடித்து, உதட்டில் உப்பு காய்ந்து எரிந்தால், கடலுக்குள் எங்கோ "தாழ்வு" உட்கார்ந்திருக்கிறது என்று கடலூர்த் தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அது எங்கே போகும் என்பது மட்டும் எங்களுக்கும் தெரியாது, டிவிக்கும் தெரியாது.

சுனாமி வந்து ஐந்தாறு வருடம் கழித்து ஒரு மே மாதம். நானும் செல்வியும் ஈர மணலில் பந்து உதைத்தே வளர்ந்தவர்கள். சிதம்பரத்தில் நடக்கவிருந்த மாவட்டப் பெண்கள் கால்பந்து அணித் தேர்வைத் தவிர அந்தக் கோடையில் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. நான் சுமாராக ஓடுவேன். செல்வி கோல்கீப்பர், அவளைத் தாண்டிப் பந்து போனால், கோலுக்கு நட்டுவைத்த கழியைத்தான் குறை சொல்வோம்.

தேர்வுக்கு முந்தின நாள் துறைமுகத்தில் "கூண்டு" ஏற்றிவிட்டார்கள். அது கப்பல்களுக்கான புயல் எச்சரிக்கைதான். ஆனால் சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர் அம்மாக்கள் அதைத் தங்கள் வீட்டுக்கு வந்த உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்கள். எத்தனையாம் நம்பர் என்றுகூடக் கேட்பதில்லை. கூண்டு ஏறினால் ரேஷன் கார்டும் மார்க் ஷீட்டும் பிளாஸ்டிக் கவருக்குள் போகும், பிள்ளைகள் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்ச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள். அன்று டிவியிலும் கடலூர் அருகே கரையைக் கடக்கலாம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"பந்தும் வேணாம் ஒண்ணும் வேணாம், சேத்தியாத்தோப்பு மாமா வூட்டுக்குக் கெளம்பு. உசுரு இருந்தா அடுத்த வருசம் ஆடிக்கலாம்" என்றாள் அம்மா. அடுத்த வருடம் எங்களுக்கு வயது தாண்டிவிடும் என்று எவ்வளவு சொல்லியும் அவள் அசையவில்லை. நான் அழவில்லை, துணிப்பையின் அடியில் பூட்ஸைத் திணித்தேன். சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரம் கிட்டத்தில்தான் என்பதைப் பதற்றத்தில் அம்மா மறந்திருந்தாள்.

செல்வியையும் கூட்டிப்போக ஓடினேன். மகனைச் சுனாமியில் பறிகொடுத்த அவள் அம்மா, மகளின் கையை விடவேயில்லை. "நீ போயிட்டு வாம்மா. இவள அனுப்பிட்டு என்னால மூச்சு வுட முடியாது" என்றார். செல்வி தன் கிளவுஸை என் பையில் போட்டாள். "காலையில எப்படியாச்சும் வந்துடறேன். நீ இத எடுத்துட்டுப் போ." அவர்கள் கல்யாண மண்டபத்து முகாமுக்குப் போனார்கள்.

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னையத்தான் கடல்ல தள்ளுவா" என்று சொல்லிக்கொண்டே மறுநாள் மாமா என்னை பைக்கில் சிதம்பரம் கூட்டிப்போனார். மைதானத்துக்கு மேல் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. புயல் ராத்திரியே ஆந்திரா பக்கம் திரும்பி, போகிற போக்கில் எங்கள் வானத்து ஈரத்தையும் வாரிக்கொண்டு போயிருந்தது. கடலோரத்திலிருந்து அநேகமாக யாரும் வரவில்லை. பி.டி. மாஸ்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரி, வந்தவங்கள வச்சு ஆடுவோம்" என்றார். நான் பந்தைப் பார்த்ததைவிட வாசலைப் பார்த்ததுதான் அதிகம். கோல் பிடிக்க ஆளில்லாமல், உயரமாக இருந்த ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். அவள் கையில் செல்வியின் கிளவுஸை மாட்டிவிட்டது நான்தான். எனக்கும் அணியில் இடம் கிடைத்தது, அந்தப் பெண்ணுக்கும் கிடைத்தது.

ஊர் திரும்பியபோது முகாமிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். நடந்ததைச் சொல்லி கிளவுஸை நீட்டினேன். செல்வி வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு கைக்குச் சரியா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகுதான் நான் அழுதேன். யார் மேல் கோபப்படுவது? அவள் அம்மா செய்தது தப்பில்லை. எச்சரிக்கை கொடுத்தவர்களும் பொய் சொல்லவில்லை. புயல் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

இன்று நான் பி.டி. டீச்சர். நாங்கள் ஆடிய மணலில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. கூண்டை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை; செல்போனில் புயல் கலர் கலராகச் சுற்றுகிறது, ஆனாலும் எந்தக் கரைக்குப் போகும் என்பதில் இன்றைக்கும் கடைசி வரை இழுபறிதான். ஆகவே நான் நடத்தும் தேர்வுக்கு முன்னால் புயல் எச்சரிக்கை வந்தால், வராத பிள்ளைகளுக்கு இன்னொரு நாள் தேர்வு கட்டாயம் உண்டு. இதில் யார் சொன்னாலும் நான் இறங்கி வருவதில்லை.

"யாருக்காக டீச்சர் இவ்ளோ பிடிவாதம்?" என்று கூடத் தேர்வு நடத்தும் மாஸ்டர்கள் சலித்துக்கொள்வார்கள்.

"செல்விக்காக."

வந்திருக்கும் பிள்ளைகளின் பெயர்களில் தேடிவிட்டு, "அப்படி யாருமில்லையே" என்பார்கள்.

"இருக்க மாட்டா சார்" என்பேன். "அவ வரல."