சாம்பிள் இல்லாத பாட்டு

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி உளுந்தூர்பேட்டை டீக்கடைக்குப் போய்விடுவேன். அங்கே என் நண்பன் காத்திருப்பான், சண்டை போட. செத்துப்போன ஓர் அமெரிக்க ராப் பாடகரின் பாட்டுகளில் எது உசத்தி என்பதுதான் விவகாரம். அவர் பாடும் இங்கிலீஷ் எங்கள் இரண்டு பேருக்கும் பாதி புரியாது. அதற்காக ஒருநாளும் வாயை மூடியதில்லை.

எனக்குப் பிடித்தது அவருடைய மெதுவான பாட்டு ஒன்று. யாரோ ஒரு பெண் எந்தக் காலத்திலோ பாடிய ரெக்கார்டிலிருந்து ஒரு துண்டை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் பேசிக்கொண்டே போவார். அப்படி எடுத்துப் போடும் துண்டுக்குத்தான் சாம்பிள் என்று பெயர். அந்தப் பெண்ணின் குரல் வரும் இடத்தை மட்டும் பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்பேன்.

நண்பனுக்கு அது திருட்டு. “பக்கத்து வூட்டுக் கொழம்ப வாங்கியாந்து ஊத்திக்கினு, நான்தான் வச்சேன்னு சொல்ற மாதிரி கீதுடா” என்பான். சாம்பிள் உள்ள பாட்டையெல்லாம் போட்டியிலிருந்தே தள்ளிவிடுவான். தள்ளிய பிறகு மிச்சம் இருப்பது எவனும் காது கொடுக்காத இரண்டு மூன்று பாட்டு. அதுதான் உசத்தி என்று மேசையைத் தட்டுவான். டீயை ஆறவிட்டு இந்த மேதையிடம் வாதாடிக்கொண்டிருக்கிறேனே என்று என்மேலேயே எரிச்சல் வரும்.

இந்த வருஷம் ஆள் ஒரு படி மேலே போய், தானே ஒரு ராப் பாட்டுக் கட்டினான். கரியாலூர்ப் பக்கம் அருவியில் கறுப்புக் கண்ணாடியும் தகரச் சங்கிலியுமாக வீடியோ வேறு. குளிக்க வந்த குடும்பங்கள் ஒதுங்கி நின்று சிரிப்பது பின்னால் நன்றாகவே தெரிகிறது.

“ஒரு சாம்பிள் கெடையாது மச்சான். மெட்டு, தாளம், எல்லாம் எம் மண்டையிலேர்ந்து வந்தது. இதுல ஒரு வரி அடுத்தவன் சரக்குன்னு எவனாவது காட்டட்டும், நான் ராப்பையே வுட்டுடறேன்” என்றான். விட்டால் ஊருக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

யூடியூபில் ஏற்றுவதற்கு முன் போட்டுக் காட்ட, களமருதூரில் இருக்கும் தன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டான். ஸ்பீக்கர் அலறியது. ஒவ்வொரு வரிக்கும் பிறகு பேச்சை நிறுத்திக் கொஞ்சம் இடம் விட்டிருந்தான், தாளம் மட்டும் ஓடியது. அதுதான் தன் ஸ்டைல் என்று கண்ணடித்தான். குப்பை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் சமையற்கட்டிலிருந்து அவன் அம்மா பாடினார், சரியாக அந்த இடத்தில். அடுத்த வரி முடிந்ததும் மறுபடி பாடினார். மகன் நிறுத்திய இடத்தையெல்லாம் பாத்திரம் கழுவிக்கொண்டே நிரப்பிக்கொண்டு போனார்.

அந்த அம்மா காலமெல்லாம் அடுத்தவர் கழனியில் கூலிக்கு நாற்று நட்டவர். நடவில் ஒருத்தி ஒரு வரி பாடி நிறுத்துவாள். மற்ற பெண்கள் குனிந்து நட்டபடியே பதில் வரி பாடுவார்கள். இவன் பாட்டிலும் மெட்டு அதே, தாளம் அதே, நிறுத்தும் இடமும் அச்சு அசல் அதே. சின்ன வயதில் வரப்பில் கிடந்து கேட்டதைத் தன் மண்டையில் முளைத்தது என்று மகா கலைஞர் மனதார நம்பியிருக்கிறார்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். “மாட்னான்டா திருடன்!” என்று கையைத் தட்டினேன். அவன் முகம் செத்துப்போயிற்று. போனைத் தட்டிப் பாட்டை நிறுத்தினான். அருவியில் போட்ட ஆட்டமெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அவனை விட்டுப் போய்விட்டது.

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“நம்ப நடவுப் பாட்டுதான? நல்லாத்தான் கீது” என்றார். போனில் அருவியடியில் தனியாக நின்றிருந்த மகனின் படத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு அவனைப் பார்த்துக் கேட்டார்:

“எம் பாட்ட எடுத்துக்கின. என்னிய ஏன்டா வுட்டுட்ட?”