இடுப்பில் ஒரு பறி

ஆண்டவரில் பிரியமான சகோதரங்களே, நான் மண்டைதீவான். கடல்தான் தொழில். காற்றுக்கு மேலால் கத்திப் பழகினவன், குரல் உயர்ந்தால் கோபிக்க வேண்டாம்.

1986ஆம் ஆண்டு தவக்காலத்தில் என் குடலில் கட்டி என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். மயக்கம் தெளிந்தபோது இடது பக்க வயிற்றில் ஏதோ தொங்கியது. டொக்டர் வந்து ஒளிக்காமல் சொன்னார். கட்டியோடு குடலின் கீழ்ப்பகுதியையும் எடுத்தாகிவிட்டது. மிச்சக் குடலுக்கு வயிற்றிலேயே ஒரு வாய் திறந்து விட்டிருக்கிறது. இனி மலம் அதன் வழியாகத்தான் போகும், அதற்கு ஒரு பை கட்டவேண்டும், சாகும்வரை அப்படித்தான் என்றார். ஐயோ, அந்த நேரமே என் மூச்சு நின்றுவிடக் கூடாதா என்று இருந்தது.

நான் அதைப் பார்க்கவேயில்லை. வாட்டில் எங்களைப் பராமரித்த தாதியை எல்லோரும் மிசி என்றுதான் கூப்பிடுவோம். அவர் பை மாற்ற வரும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன். எத்தனை கொந்தளிப்பைக் கண்டவன், என் சொந்த வயிற்றைக் காணப் பயந்து கிடந்தேன். இதோடு எப்படி வள்ளத்தில் ஏறுவது? கோயிலில் எந்த முகத்தோடு நிற்பது? மணம் வந்தால் சனம் என்ன சொல்லும்? "யேசுவே, இந்த வாயை மூடிவிடும், இல்லாவிட்டால் என்னை எடும்." அதுதான் என் செபம். அவர் இரண்டையும் செய்யவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

காயம் ஆறிவிட்டது. எனக்குப் பிறகு வெட்டுப்பட்டவர்கள்கூட வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிசி என்னை மட்டும் விடவில்லை.

"அண்ணை, நீங்களே பையைக் கழட்டி, துடைச்சு, திரும்பக் கட்டிக் காட்டுங்கோ. அதுக்குப் பிறகுதான் வீட்டை போக விடுவம்."

"ஏன், மனிசி செய்வாள்தானே?"

"அக்கா எல்லாம் பழகிட்டா. நீங்கள் கடலுக்குப் போனா அக்காவும் வள்ளத்திலை வருவாவோ?"

நான் மறுபடியும் சுவரைப் பார்த்தேன்.

ஒருநாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், என் மனைவி திரேசம்மா கட்டிலருகே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நித்திரை என்று நினைத்துவிட்டாள். "மாதாவே, உயிரைக் கேட்டன், தந்திட்டியள். இந்த மனிசன் ஒருக்காக் குனிஞ்சு பாக்கட்டும். அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

எனக்கு விசர் வந்தது. "என்ன மன்றாட்டடி இது? கேக்கிறதுக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையே?"

"இல்லை. அதைத்தான் கேப்பன்."

"மணக்குமடி."

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து மீன் மணத்தோடை குடும்பம் நடத்திறன். இதுக்கே பயப்பிடப்போறன்? சும்மா கிடவுங்கோ."

சிரிப்பு வந்தது. அதற்குள்ளேயே அழுகையும் வந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நன்றாக அழுதேன். அன்றுதான் என் செபத்தை மாற்றினேன். "யேசுவே, எனக்குக் குனிய ஏலாமல் கிடக்கு. நீரே என் தலையைப் பிடிச்சுக் குனியவையும்."

அடுத்த நாள் காலை மிசி என்னை நடக்க வைத்தார். பை இடுப்புப் பட்டியில் தொங்கியது. நிரம்பியிருந்தது, பாரம் கீழே இழுத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நினைக்கவேயில்லை. இடது கை தானாகப் போய்ப் பையை அடியில் தாங்கியது, வலது கை பட்டியை மேலே இழுத்தது. குனிந்து பார்த்தேன்.

"மிசி, இது பறியெல்லே!"

"பறியோ? அதென்னண்ணை?"

பட்டணத்துப் பிள்ளைக்கு எங்கே தெரியும்! நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசும்போது மீனைப் போடுவதற்கு இடுப்பில் கட்டும் ஓலைப் பைதான் பறி. அது பாரமானால் கை தானாகத் தாங்கும். பழகின கைதான். ஆனால் அந்தக் காலையில் அதை அசைத்தவர் ஆண்டவர் என்றுதான் நான் நம்புகிறேன்.

பையைக் கழற்றினோம். சிவப்பாய், ஈரமாய், ஒரு சின்ன வாய். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்!

பிறகு பாடம் விறுவிறுவென்று ஓடியது. எங்கள் கிணறு உவர் என்றதும், தோலைத் துடைக்க நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள் என்றார் மிசி. ஒரு பையைக் கழுவிக் காயவிட்டு மற்றதைக் கட்டப் பழக்கினார். "நிரம்பும்வரை விடாதேங்கோ, கழண்டுபோம்" என்றார்.

"நிறைஞ்ச பறியோடை ஆரும் நிப்பினமே, மிசி? கரைக்கு வந்து கொட்டிப்போட்டெல்லோ திரும்ப இறங்குவம்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரரும் எழும்பிவிட்டார். அந்தக் கிழமையே என்னை வீட்டுக்கு விட்டார்கள்.

முதல் ஞாயிறு கோயிலில் கடைசி வரிசையில் நின்றேன். சுவாமி அப்பத்தை உயர்த்துகிறார், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அந்த நேரம் பார்த்து என் வயிறு சத்தம் போட்டது! முன்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். நான் வெளியே ஓடப் பார்த்தேன். திரேசம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நில்லுங்கோ, அதுவும் ஆண்டவரைத்தான் கும்பிடுது" என்றாள். நின்றேன். இப்போது கடலுக்கும் போகிறேன். அந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில், புதிதாய்ப் பை கட்டினவர்கள் இருந்தால் பக்கத்தில் இருந்து என் சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் வருவேன்.

சகோதரங்களே, கேட்டது கிடைக்கவில்லை என்று செபத்தை விட்டுவிடாதீர்கள். இன்னொரு விதமாய்க் கேட்டுப் பாருங்கள், அவர் செவிகொடுப்பார். அன்று இந்த வாயை மூடச் சொல்லி எப்படியெல்லாம் அழுதேன்! அவர் மூடவில்லை. மூடியிருந்தால் நான் செத்திருப்பேன்.