பெயிலானவர்தான் படிப்பிப்பார்

போன சனிக்கிழமை மத்தியானம், மன்னார் பஸ் நிலையத்துக்குப் போகும் வீதியில், ஆளுயர வைற்போர்ட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் நான், மறுபக்கம் சுதர்சன் என்கிற கம்பஸ் மாணவன். எதிரே ஒரு கழுதை. அது விலகவில்லை. நானும் விலகுவதாக இல்லை. அன்றைக்கு யாருக்கும் வழிவிடுகிற மனநிலையில் நான் இருக்கவில்லை.

ஏன் என்கிறீர்களா? நாங்கள் வகுப்பு நடத்திய மண்டபத்தில் ஒரு நிபந்தனை போட்டார்கள். நான் எங்கள் போர்டைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன்!

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் சனிக்கிழமைகளைப் பற்றித் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளில் ஒரு பாடத்தில் தடுக்கி விழுந்தவர்களையும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய சக மாணவர்களையும் சேர்த்துவைப்பது என் வேலை. கிட்டத்தட்டக் கல்யாணத் தரகு மாதிரித்தான். சீதனமும் சாதகமும் மட்டும் கிடையாது.

அதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வருகிறவர், அந்தப் பாடத்தில் ஒரு தரமாவது பெயிலாகி, பிறகு எழுதிப் பாஸானவராக இருக்க வேண்டும். முதல் தரத்திலேயே அள்ளிக்கொண்டு போனவர்கள் நல்ல பிள்ளைகள்தான். அவர்களில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் "இதில விளங்காமல் போக என்ன கிடக்கு?" என்று அவர்கள் ஒரு தரம் கேட்டுவிட்டால் போதும்... எதிரே இருக்கிற பிள்ளை அதற்குப் பிறகு வாயே திறக்காது. எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன்.

இனி டிலானிக்கு வருகிறேன்.

டிலானி பேசாலை என்கிற மீனவ ஊர்ப் பிள்ளை. முகாமைத்துவம் படிக்கிறாள். மற்றப் பாடங்கள் எல்லாம் தாண்டிவிட்டாள். புள்ளிவிபரவியல் மட்டும் திரும்பத் திரும்பப் பெயில். வருகிற பரீட்சைதான் அவளுக்குக் கடைசிச் சந்தர்ப்பம். அதுவும் போனால் பட்டம் இல்லை. இத்தனை வருடப் படிப்பும் வீண்.

அவளோடு படித்தவர்கள் அடுத்த வருடத்துக்குப் போய்விட, இவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊருக்குச் சொன்ன காரணம் வேறு. கம்பஸில் ஸ்ட்ரைக்! எங்கள் நாட்டில் இதைவிட வசதியான பொய் உண்டா? எப்போதும் எங்கேயாவது ஒரு கம்பஸில் ஸ்ட்ரைக் நடந்துகொண்டுதான் இருக்கும். ஒருவரும் துருவிக் கேட்கமாட்டார்கள். கம்பஸ் கிடைத்தபோது இவளுடைய படத்தைப் பெரிதாகப் போட்டுச் சந்தியில் பனர் கட்டிய ஊர் அது. அந்த ஊரில் பெயில் என்று எந்த வாயால் சொல்வது? தாயும் மகளுமாக யோசித்து இந்த வழியைக் கண்டுபிடித்தார்கள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். இது சரியில்லை என்று ஒரு தரம் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாராம்.

அதனால்தான் டிலானி பஸ் ஏறி மன்னாருக்கு வந்து படித்தாள். பேசாலையில் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது. பஸ்ஸில் யாராவது கேட்டால், மாவட்டச் செயலகமான கச்சேரியில் ஒரு அலுவல் என்பாளாம். சனிக்கிழமையில் ஏது பிள்ளை கச்சேரி என்று கேட்டேன். இவ்வளவு நாளும் ஒருவருக்கும் அது தோன்றவில்லையே மிஸ் என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒளித்து ஒளித்துப் படிக்கிற பிள்ளைக்குப் பாதி மூளை படிப்பில் இருக்கும், மீதி வாசலில் இருக்கும். யாராவது படியேறி வந்தாலே இவள் கொப்பியை மூடிவிடுவாள்.

அவளுக்கு நான் சேர்த்துவைத்த ஆள்தான் சுதர்சன். மன்னார்த் தீவுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், வயல் செய்கிற குடும்பம். இப்போது கடைசி வருடம். அதே பாடத்தில் விழுந்து எழும்பியவன். அதிகம் பேசமாட்டான். வந்த முதல் நாளே மார்க்கரை அவள் கையில் கொடுத்து, கணக்கைச் செய்யச் சொல்லிவிட்டு, பின்னால் போய் ஒரு கதிரையில் இருந்துவிட்டான்.

அவளும் செய்தாள். ஒன்று முடிய இன்னொன்று. எண்கள் எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் இங்கிலிஷில் ஒரே வசனத்தை எழுதினாள். அதன் கருத்து, "ஆகவே இந்தக் கருதுகோளை நிராகரிக்கிறோம்." விடை எப்படி வந்தாலும் நிராகரிப்புத்தான்! சில கணக்கில் நிராகரிக்க வேண்டும், சிலதில் நிராகரிக்க முடியாது என்று எழுத வேண்டும். அந்தப் பாடத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. இவள் எல்லாவற்றையும் நிராகரித்துக்கொண்டு போனாள்.

சுதர்சன் எழும்பி வந்து அந்த வசனத்துக்குக் கீழே கோடு போட்டான். "இந்த வரியை நானும் பாடமாக்கினனான். ஒரு பழைய பேப்பரின்ர மாதிரி விடையில இருந்ததுதானே?" என்றான்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திருட்டைப் பிடித்துவிட்டான் என்ற பயம் ஒரு கணம். இவனும் அதே திருடன்தான் என்ற நிம்மதி மறுகணம். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இது யார் விடுகிற பிழை என்று நினைக்கிறீர்கள்? மண்டுகள் விடுகிற பிழை அல்ல. சின்ன வயதிலிருந்து ரியூசன் கொட்டிலில் மாதிரி விடையைப் பாடமாக்கி, பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்து, கம்பஸ் வாசலில் கால் வைத்த அன்றே இங்கிலிஷில் தூக்கிப் போடப்பட்ட கெட்டிக்காரப் பிள்ளைகள் விடுகிற பிழை. கணக்குத் தெரியும், வசனம் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. "விளங்குதா?" என்று கேட்டால் வகுப்பு முழுக்க "ஓம் சேர்" என்று தலையாட்டும். அப்படித்தானே வளர்த்து வைத்திருக்கிறோம்?

மெல்ல மெல்ல டிலானிக்கு விளங்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான், போன சனிக்கிழமை, மண்டபக் கமிட்டித் தலைவர் வந்தார்.

நல்ல மனிதர். அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்களுக்கு மண்டபத்தைச் சும்மா தந்தவர், பிள்ளைகளுக்குத் தேநீரும் அனுப்புவார். வந்தவர் சுதர்சனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"ரீச்சர், உங்கட சேவை நல்லது. ஆனா, பெயிலாப்போன பொடியன் படிப்பிக்கிறானெண்டு வெளியில கதை அடிபடுது. மண்டபத்துக்கும் ஒரு பேர் இருக்கல்லோ?"

பிறகு தன் திட்டத்தைச் சொன்னார். கொழும்பில் ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுத்த ஒரு தம்பி இருக்கிறாராம். அவரைக் கூப்பிட்டு, மைக் போட்டு, மண்டபம் நிறையப் பிள்ளைகளை இருத்தி ஒரு பெரிய செமினார். இனிமேல் சனிக்கிழமைகளில் அப்படிப்பட்ட ஆட்கள்தான் வரவேண்டும். சுதர்சன் வேண்டுமானால் கதிரை அடுக்கி உதவி செய்யலாமாம்.

கதிரை அடுக்கலாம்! அந்தச் சொல்லோடு எனக்குத் தலைக்கேறிவிட்டது. அது அவனுக்கும் கேட்டது. டிலானிக்கும் கேட்டது. அவள் தலை குனிந்துவிட்டது. அவனுக்கே இந்தக் கதி என்றால் தனக்கு என்ன கதி என்று அவள் யோசித்திருப்பாள்.

"ஐயா, இதுகள் சின்ன வயசில இருந்தே மைக்குக்கு முன்னால இருந்து தலையாட்டினதுகள். இப்ப இதுகளுக்குத் தேவை, விளங்கேல்லை எண்டு பயமில்லாமல் சொல்ல ஒரு ஆள். அந்த ஆள் இவன்தான். இவன் இல்லாட்டி வகுப்பும் இல்லை" என்றேன்.

அப்படியென்றால் மண்டபம் இல்லை என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார். நான் மெதுவாகச் சொல்லவில்லை. போர்டைக் கழற்றச் சொன்னேன்.

வீரமாக வெளியே வந்தாயிற்று. வந்த பிறகுதான் உறைத்தது, போக இடமில்லை. பரீட்சை நெருங்கிவிட்டது. போனில் படிப்போமா என்று சுதர்சன் கேட்டான். போனில் இவள் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு இருந்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். வெயில் உச்சியில். கழுதை இன்னும் நின்றது.

டிலானி எங்களுக்குப் பின்னால், போர்ட் துடைக்கிற துணியோடு வந்துகொண்டிருந்தாள். அவள்தான் சொன்னாள்.

"எங்கட ஊரில மீன் ஏலம் போடுற கொட்டகை ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கும் மிஸ்."

திரும்பிப் பார்த்தேன். ஞாயிறு பேசாலையில் கடலுக்குப் போகமாட்டார்கள். அதனால் ஏலமும் இல்லை. சரி. ஆனால் தேவாலயத்தில் பூசை முடிந்து வீட்டுக்குப் போகிற சனம் முழுக்க அந்தக் கொட்டகையைத் தாண்டித்தானே போகும்? நாலு பக்கமும் திறந்த கொட்டகை. சுவர்கூடக் கிடையாது. அதை அவளிடம் சொன்னேன்.

தனக்கும் அது தெரியும் என்றாள்.

அன்று பின்னேரம் அவளுடைய அம்மா போன் எடுத்தா. "என்ர பிள்ளையைச் சந்தியில கொண்டுபோய் வைக்கப்போறியளோ மிஸ்?" என்று கேட்டா. அழுகிற குரல். உங்கள் பிள்ளை கேட்டுத்தான் வருகிறேன், அவள் வேண்டாம் என்றால் வரமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். மனதுக்குள் வேறொன்று ஓடியது, அதை உங்களிடம் சொல்கிறேன். படம் போட்டுப் பிள்ளையை முதலில் சந்தியில் ஏற்றியது நானா? ஏற்றத் தெரிந்த ஊருக்கு, விழுந்தால் கைகொடுக்கத் தெரிய வேண்டாமா?

ஞாயிறு காலை, டிலானியின் அப்பா ஒரு சின்ன லொறியோடு மன்னாருக்கு வந்து போர்டை ஏற்றினார். மீனவர் சங்கத்தில் அனுமதி எடுத்து, விடியவே கொட்டகையைக் கழுவி விட்டிருந்தார். கழுவியும் மீன் வாசனை போகவில்லை. கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டிகள்தான் கதிரைகள். தூணில் போர்டைக் கயிற்றால் அவரே கட்டினார். அம்மா வரவில்லை.

பூசை முடிந்து சனம் வரத் தொடங்கியது. டிலானி வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கணக்குச் செய்துகொண்டிருந்தாள். சனம் நடையைக் குறைத்துப் பார்த்தது, தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டது. பக்கத்து வீட்டு மேரி மாமி மட்டும் நேரே கொட்டகைக்குள் வந்தா.

"என்ன பிள்ளை, ஸ்ட்ரைக் இன்னும் முடியேல்லையோ?"

நான் ஏதோ சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். சுதர்சன் வேண்டாம் என்று தலையசைத்தான். டிலானி திரும்பினாள்.

"ஸ்ட்ரைக் ஒண்டும் இல்லை மாமி. நான் பெயிலாப்போனனான். இன்னும் ஒரு தரம்தான் எழுத விடுவினம். அதுக்குத்தான் படிக்கிறன்."

குரல் உடையவில்லை. அவளுடைய அப்பா தூணில் கட்டிய கயிற்றை இன்னொரு தரம் இறுக்கினார்.

மேரி மாமி விறுவிறு என்று போய்விட்டா. சரி, மத்தியானச் சோற்றுக்கு முன் ஊர் முழுக்கப் பரவிவிடும் என்று நினைத்தேன். பரவினால் பரவட்டும், அடுத்த கணக்கைப் போடு என்றேன் டிலானியிடம்.

அந்தக் கணக்கு முடியவில்லை, மாமி திரும்பி வந்தா. தனியே அல்ல, கம்பஸில் படிக்கிற மகனைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தா. நெடிய பொடியன். நிமிர்ந்து ஒருவரையும் பார்க்கவில்லை.

"இவனும் ஸ்ட்ரைக் எண்டுதான் சொன்னவன் மிஸ். நானும் நம்பிக்கொண்டு இருந்தனான். இப்ப போய்ப் பிடிச்சுக் கேட்டன். இதே பாடமாம். இவனையும் சேர்ப்பியளோ?"

அவன் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தான். சுதர்சன் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்க எழும்பினான். நான் அவனை இருக்கச் சொன்னேன். டிலானியைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். அவள் இன்னும் பாஸாகவில்லைதான். என் விதிக்கு அது பொருந்தாதுதான். என் விதியை நான் உடைக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

அவள் அந்தக் கடைசி வசனத்தைப் போர்டில் எழுதி, அது எப்போது சரி, எப்போது பிழை என்று அவனுக்குச் சொல்லத் தொடங்கினாள். இந்த முறை முகம் வீதிப் பக்கம்.

பரீட்சை வருகிற கிழமை. பாஸாவாளா என்று எனக்குத் தெரியாது. அன்று இரண்டாம் பூசை முடிந்து சனம் மறுபடி அந்த வழியால் வந்தது, மறுபடி நின்று நின்று பார்த்தது.

பார்க்கட்டும்.