லேண்ட்லைனில் பதில் சொன்ன குரல்

என் அக்காவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. காது மிஷின் விற்கிற, பழுதுபார்க்கிற கடையில் பாதி ஆயுளைக் கழித்தவள். வீட்டில் என்னிடம் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வரும். தெருவில் அவளுக்குப் பெயரே சத்தக்காரிதான். பஸ்ஸில் நான் நாலு சீட் தள்ளி உட்கார்ந்தாலும் எங்கள் குடும்ப விவகாரம் டிரைவர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

கடையில் போன் எடுப்பது அவள் வேலை. சின்னப் பழுதென்றால் வீட்டுக்கே போய்ச் சரிசெய்வாள். கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். செல்போன் குரல் அவர்களுக்குப் பிடிபடாது. வீட்டு லேண்ட்லைன் ரிசீவரைக் காதோடு அழுத்தினால்தான் ஏதோ கொஞ்சம் கேட்கும்.

அவர்களில் ஒருவர் பட்டறைக்காரர். லேத் பட்டறையில் இரும்பு கடைந்தே காதைத் தொலைத்தவர். மனைவி படுத்த படுக்கை. பின்னறையிலிருந்து அந்த அம்மா கூப்பிடுவது கேட்க வேண்டும், அதற்காக மட்டுமே மிஷின் மாட்டினார். அது மக்கர் செய்தால் அக்காவுக்குப் போன் போடுவார். தன் பாட்டைச் சொல்லிவிட்டு, மறுமுனையில் ஒரு பெண்குரல் ஏதோ பதில் சொல்கிறது என்று தெரிந்ததும் வைத்துவிடுவார். அக்கா மறுநாள் போய் நிற்பாள்.

இந்த நிலையில் முதலாளியின் மருமகன் கடைப் போனை இன்டர்நெட்டுக்கு மாற்றினார். அதே நம்பர்தான், ஆனால் ஒயர் கிடையாது, கம்ப்யூட்டரிலேயே பேசலாம் என்றார். தன் செல்லிலிருந்து அடித்துப் பார்த்தார். முதலாளியும் அடித்தார், அக்காவும் அடித்தாள். மணி ஒலித்தது, எல்லோருக்கும் திருப்தி. லேண்ட்லைனிலிருந்து ஒருதரம் அடித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அங்கே யாரிடமும் அது இல்லை.

அதன் பிறகு போன் வருவது குறைந்துகொண்டே போனது. "எல்லாருக்கும் ஒரே நேரத்துல காது சரியாயிடுச்சாடி?" என்று சிரித்தாள் அக்கா. சிரித்தாளே தவிர, அவளுக்கு என்னவோ நெருடிக்கொண்டேதான் இருந்தது.

ஒருநாள் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கைத்தடியும் கோபமுமாகக் கடைக்குள் வந்தார்.

"எத்தனை தடவைம்மா போன்ல சொல்றது? நீயும் ஏதோ பதில் சொல்ற, வச்சுடுற. ஆனா வரமாட்டேங்கிற!"

"எனக்கு நீங்க போனே பண்ணலியே டீச்சர்!"

"உன் குரலைக் கேட்டேனே நான்!"

எதிர் மருந்துக்கடையில் லேண்ட்லைன் இருந்தது. அக்கா ஓடிப்போய்த் தன் கடை நம்பரை அடித்தாள். ஒரு பெண்குரல் வந்தது. 'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை.' பதிவுசெய்த குரல்தான். இதமாக, மரியாதையாக, நடுநடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சொன்னது. நல்ல காது உள்ளவர்கள் கேட்டதும் வைத்திருப்பார்கள். காது கேளாதவர்கள் அந்த இடைவெளியில் தங்கள் குறையைச் சொல்லியிருக்கிறார்கள்.

போன் கம்பெனியைக் கூப்பிட்டாள். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். எல்லா நோய்க்கும் அவர்களிடம் இருப்பது அந்த ஒரே கஷாயம்தான். போட்டாள். அப்புறம், "மொபைல்ல இருந்து வருதே மேடம், எங்க பக்கம் ஓகே" என்றார்கள். எனக்குக் கேட்கும்போதே பற்றிக்கொண்டு வந்தது. அக்கா விடவில்லை. எந்த லேண்ட்லைனிலிருந்து அடித்தாள், எந்தக் குரல் வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகுதான் விஷயம் பிடிபட்டது. நம்பர் இடம் மாறியது செல்போன் கம்பெனிகளுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. லேண்ட்லைன் எக்ஸ்சேஞ்சில் மட்டும் அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். அது வருகிற ஒவ்வொரு அழைப்பையும் துண்டித்துப்போட்ட பழைய லைனுக்கே அனுப்பியிருக்கிறது.

சரியாகும் வரை காத்திருக்க அக்காவால் முடியவில்லை. "பட்டறைக்காரர் கூப்பிட்டிருப்பாருடி. மிஷின் கெட்டிருந்தா நான் போன் பண்ணாலும் அவருக்கு மணி கேக்காது" என்று பையை எடுத்தாள். எனக்கு அன்று விடுமுறை, கடையில்தான் இருந்தேன். கூடவே போனேன்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கண்டதும் எழுந்தார், ஆனால் சிரிக்கவில்லை. அவள் அவசரமாக மிஷினைப் பிரித்தாள். உள்ளே சின்ன ஒயர் ஒன்று விட்டுப்போயிருந்தது. பற்றவைத்து அவர் காதில் மாட்டினாள்.

"கேக்குதுங்களா ஐயா? அம்மா எப்படி இருக்காங்க?"

"போயிட்டாம்மா" என்றார்.

அக்கா எடுத்துப் பரப்பிய சாமான்களைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

"உனக்குப் போன் பண்ணிச் சொன்னேன். கடைக்காரப் பொண்ணு நாளைக்கு வந்துடும்னு அவகிட்ட சொல்லிட்டு, நாளெல்லாம் இங்கேயே உக்காந்து பாத்துட்டிருந்தேன். உள்ள அவ ரொம்ப நேரம் கூப்பிட்டாளாம். மாடிவீட்டுப் பொண்ணு சொல்லுச்சு. நான்தான் பக்கத்துல இருக்கேனேன்னு அது வரல."

அவர் அழவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லும்மா. நீ நாளைக்குன்னுதானே சொன்னே? இல்ல வேற நாள் சொல்லி, நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா? அவளை விட்டுட்டு வாசல்ல உக்காந்தது என் புத்திகெட்ட வேலையா? தூக்கமே வரலம்மா."

உண்மையைச் சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அவர் கண்ணைப் பார்த்தாள்.

"நாளைக்குன்னுதாங்க சொன்னேன். நீங்க சரியாத்தான் கேட்டீங்க. நான்தான் வரல. மறந்துட்டேன்."

அவர் அவள் பையை எடுத்துத் தெருவில் வீசினார். கத்தினார், அந்தத் தெருவே வாசலுக்கு வந்து பார்க்கும்படி கத்தினார். அக்கா சிதறிய சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு நடந்தாள். எனக்கு நெஞ்சு கொதித்தது.

"உனக்குப் பைத்தியமா அக்கா? நீ என்ன தப்பு பண்ணே? திரும்பிப் போய் உண்மையைச் சொல்லு!"

"என்னன்னு சொல்ல? யாருமே இல்லாத போன்ல பேசிட்டு, அதை நம்பி வாசல்ல உக்காந்திருந்தீங்கன்னா? அப்புறம் அவர் யார் மேல கோபப்படுவார்? தன்னையேதான் தின்னுக்கிட்டுக் கிடப்பார். விடு."

நான் விடவில்லை, வீடு வரைக்கும் சண்டை போட்டேன். எது சரி என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஒருவழியாக எக்ஸ்சேஞ்சில் திருத்தினார்கள். லேண்ட்லைன் அழைப்புகள் வரத் தொடங்கின. முதலில் வந்ததே பட்டறைக்காரருடையதுதான். திட்டுவதற்காகக் கூப்பிட்டிருந்தார். அக்கா முழுவதையும் கேட்டாள். இப்போதும் நினைத்தபோதெல்லாம் கூப்பிடுகிறார். அதே பேச்சுதான். அந்த அம்மா எப்படிக் கூப்பிட்டிருப்பாள், தான் எங்கே உட்கார்ந்திருந்தோம், இவள் ஏன் வரவில்லை. "கட் பண்ணும்மா, வேற வேலை இல்ல?" என்று முதலாளி சலித்துக்கொள்வார். அவள் கட் செய்ததே இல்லை. நடுவில் பேச்சை நிறுத்தி, "கேக்குதா?" என்பாராம் அவர்.

"கேக்குதுங்க ஐயா. சொல்லுங்க" என்பாள் அக்கா.