துரை வீட்டுப் படையல்

படையலுக்கு ஆக்குவதை ஆக்குகிறவர்கள் ருசி பார்க்கக் கூடாது. உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. செத்தவர் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் வாயில் வைக்கலாம். வடையும் கறிக்குழம்பும் என்றால் கைக்கு அளவு தெரியும். பெரியப்பாவின் வருஷப் படையலுக்கோ, எங்கள் வீட்டில் யாரும் கண்ணால்கூடக் கண்டிராத ஒரு வெள்ளைக்காரப் பண்டத்தை ஆக்க வேண்டியிருந்தது.

கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். பெரியப்பா ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் துரையிடம் சமையல்காரர். பொங்கலுக்கு ஒரு முறை, ஆடியில் ஒரு முறை வருவார். வந்தால் பெரியம்மாவிடம் அவர் பேசுவதெல்லாம் இந்தப் பண்டத்தைப் பற்றித்தான். கொத்துக்கறியை வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கி அடியில் பரப்ப வேண்டும். வெந்த உருளைக்கிழங்கை வெண்ணெயும் பாலும் விட்டு மசித்து அதை மூட வேண்டும். மேலே ஏர் ஓட்டியதுபோலக் கோடு இழுத்து, முகடு சிவக்கும்வரை சுட வேண்டும். பெரியம்மா வெற்றிலை மடித்துக்கொண்டே “அப்பறம்?” என்பாள். அவர் மறுபடியும் கறியிலிருந்து தொடங்குவார். இன்று என் பேத்தி போனைப் பார்த்து அதையே செய்து ஷெப்பர்ட்ஸ் பை என்கிறாள்.

இலையில் அதைத்தான் வைக்க வேண்டும் என்று பெரியம்மா சொன்னதும் பெரியப்பாவின் தங்கையான அத்தை முகத்தைச் சுளித்தாள்.

“மொத்தமா எத்தினி நாளு அண்ணங்கூட இருந்துட்ட அண்ணி? அது வாய்க்கு இன்னா புடிக்கும்னு ஒனக்கு இன்னா தெரியும்?”

அதற்குப் பதிலை அடுப்பில் ஏறப்போகும் சட்டிதான் சொல்ல வேண்டும் என்பது சிறுபிள்ளையான எனக்கே புரிந்தது.

அப்பா கள்ளக்குறிச்சிச் சந்தையில் கிழங்கு வாங்கி வந்தார். பதினேழு இருந்தன, இரண்டில் பச்சை ஓடியிருந்தது. சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. அகலமான மண்சட்டியைத் தணலில் வைத்து, மூடிய தாம்பாளத்தின்மேலும் தணலைக் கொட்டுவது என்று முடிவானது. கோடு இழுக்க முள்கரண்டிக்கு எங்கே போவது? சித்தப்பா ஒரு புதுச் சீப்பு வாங்கி, மஞ்சள் தண்ணீரில் கழுவி இழுத்தார். கிழங்குக்கு வகிடு எடுத்த முதல் ஆள் தான்தான் என்றார். பெரியம்மா சிரிக்கவில்லை.

அம்மா உப்புப் போட்டதைப் பார்த்தேன். சற்று நேரத்தில் பெரியம்மாவும் வந்து போட்டாள். சொல்ல வாயெடுத்தபோது, படையலுக்கு முன்னால் உப்பைப் பற்றிப் பேசாதே என்று அடக்கிவிட்டார்கள். தாம்பாளத்தைத் தூக்கினால் ஒரு பக்கம் கருகியிருந்தது. அப்பா அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

இலை போட்டு, விளக்கேற்றி, பெரியப்பா வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். அப்போதுதான் துரை வீட்டில் தோட்டவேலை பார்த்தவர் வந்து சேர்ந்தார். அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்று சித்தப்பா பெருமையாகச் சொன்னதும் அவர் விழித்தார்.

“அண்ணன் அத வாயில வச்சி நான் பாத்ததே இல்லீங்களே. தொர சாப்ட்டதும் தட்டக் கழுவி வச்சிட்டு, பின்னால குந்திக்கினு கருவாட்டுக் கொழம்பும் சோறுந்தான் துன்னுவாரு.”

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தோம். அவள் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

“அப்ப நான் துன்னணும்னுதான் சொல்லிக்கினு இருந்திருக்காரு.”

கதவைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் பரிமாறினார்கள். உப்பு கரித்தது. சித்தப்பா தண்ணீர்ச் செம்பைத் தேடினார். அத்தை இலை ஓரத்தில் ஒதுக்கினாள். பெரியம்மா பெரியப்பாவின் இலைக்கு எதிரே உட்கார்ந்து, தன் பங்கைத் தின்று, கருகிய பக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு கவளத்துக்கும் நிமிர்ந்து எதிர் இலையைப் பார்த்தாள்.

எனக்கோ ஒரே தவிப்பு. கருவாடு இல்லாத இலையைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா பட்டினியாகத் திரும்பிப் போயிருப்பார். அதை நினைக்காமல் இவளால் எப்படி இவ்வளவு நிதானமாகச் சாப்பிட முடிகிறது என்று பெரியம்மாமேல் எனக்குக் கோபம்கூட வந்தது.