அவருடைய கையெழுத்து இல்லாமல்

விசா முடிய மூன்று மாதம் இருந்தது. அன்று காலை அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். "இந்தமுறை விசா நீட்ட நான் கையெழுத்துப் போடமாட்டன். நீ ஊருக்குப் போ. இஞ்சை உனக்கு ஆர் இருக்கினம்?"

அவர் என்றால் எனக்குத் தாலி கட்டியவர். எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. ஊரில் இருந்த வாடகை வீட்டையும் விட்டுவிட்டுத்தான் லண்டனுக்கு வந்தனான். திரும்பிப் போக இடமில்லை. அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுகிற சத்தம் கேட்டால் அதற்கும் அடி விழும்.

அம்மன் அடியார்களே, நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். நாலு பேருக்கு முன்னால் கதைக்க எனக்கு ஏலாது. அதனால் இந்தச் சாட்சியைக் கோயில் மலருக்கு எழுதித் தருகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

சண்டைக் காலத்தில் எனக்குச் சீதனமாக இருந்த காணியை விற்றுத்தான் என் தம்பியை லண்டனுக்கு அனுப்பினோம். அவன் உயிரோடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தது. பிறகு எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. அதை ஒருநாளும் அவனிடம் சொல்லிக் காட்டியதில்லை. அம்மா இருக்கும் மட்டும் அவவைப் பார்த்தேன். அம்மா போன பிறகு தம்பி போன் எடுத்தான்.

"அக்கா, கடைசிக் காலத்திலை நீங்கள் தனிய இருக்கக்கூடாது. இஞ்சை ஒரு நல்ல மனுசன் இருக்கிறார். கட்டின மனுசி செத்துப்போச்சு. பிரிட்டிஷ் பாஸ்போட். உங்களுக்கும் அறுபத்தைஞ்சு தாண்டிட்டுது, விசாவுக்கு இங்கிலீஷ் சோதினையும் தேவையில்லை."

அந்த வயதில் தாலியா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் தம்பி என்னை மறக்கவில்லையே என்று சந்தோசப்பட்டேன்.

லூயிஷாமில் அவருடைய பிளாட். முழங்கால் ஏலாத மனுசன். குளிக்க வார்க்க, சமைக்க, கால் பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள்தான் நான். வந்த முதல் கிழமையே அது விளங்கிவிட்டது. சோறு குழைந்தால் அவர் ஊன்றி நடக்கிற பொல்லால் அடி. பாஸ்போட் அவருடைய பெட்டிக்குள். மணிக்கட்டு வீங்கி டொக்டரிடம் போனபோது அவரேதான் எனக்காக இங்கிலீஷில் கதைத்தார். நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். டொக்டர் என்னைப் பார்த்தா. நானும் தலையாட்டினேன்.

கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்ன அடுத்த நாள், அவர் நித்திரையாக இருந்த நேரம், இரண்டு சீலையைப் பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். இரண்டு பஸ் மாறி ஸ்ட்ரெதத்தில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணி தந்தான்.

"குடியுங்கோ அக்கா. ஒரு போன் கதைச்சிட்டு வாறன்."

ஒரு மணித்தியாலத்தில் வாசலில் மினிகாப் வந்து நின்றது. உள்ளே அவர் இருந்தார்.

"அக்கா கொஞ்சம் மனம் குழம்பிப்போனா. கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை" என்றான் தம்பி. என் சீலைப் பையை அவனே தூக்கிக்கொண்டு வந்து காரில் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பிடித்து 'அ' எழுதப் பழக்கியவள் நான். அன்று வாங்கிய அடியை எழுதமாட்டேன். அதைவிட அந்தக் கை செய்ததுதான் எனக்கு நொந்தது.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவர் என்னைக் கோயிலுக்கு விடுவார். விடாவிட்டால் ஆட்கள் கேட்பார்கள் அல்லவா. தம்பியின் மனுசி, என் மச்சாள், காரில் கூட்டிப்போவா. அவ அதிகம் கதைக்கமாட்டா. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவா. எனக்கும் அவவைப் பிடிக்காது.

இரண்டரை வருசமாக ராகு காலத்தில் துர்க்கைக்குத் தேசிக்காய் விளக்கு ஏற்றினேன். "அவருடைய குணத்தை மாத்து தாயே" என்றுதான் கேட்டேன். தம்பி என்னைத் திருப்பி அனுப்பியதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அப்படிக் கேட்க வாய் வரவில்லை. "எனக்கு ஒரு வழியைக் காட்டு. இல்லாவிட்டால் என்னை எடு" என்றேன்.

பக்கத்தில் நின்ற மச்சாள், தேசிக்காயைப் பிழிந்துகொண்டே சொன்னா. "மச்சாள், எத்தினை வெள்ளிக்கிழமை இதைப் பிழியப் போறியள்? தேசிக்காய்தான் முடியும். அந்தாள் மாறாது. முதல் மனுசியையும் உப்பிடித்தான் அடிச்சவர்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்களுக்கு முதலே தெரியும்."

"தம்பிக்கும் தெரியுமோ?"

அவ விளக்கைப் பார்த்தபடியே சொன்னா. "உங்கடை தம்பிதான் எனக்குச் சொன்னவர். அந்தாள்தான் இவருக்குக் கடை எடுத்துக் குடுத்தது. தன்னைப் பாக்கிறதுக்கு ஒரு ஆள் வேணுமெண்டு கேட்டவராம். மறுக்க ஏலாதாம்."

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். வழி கேட்ட வாய் இன்னும் மூடவில்லை, இதைக் காட்டுகிறாயே தாயே என்று நினைத்தேன்.

மச்சாள் என் கையைப் பிடித்துத் தூக்கினா. "இண்டைக்கு வீட்டை போகவேண்டாம். நான் ஒரு இடம் விசாரிச்சு வைச்சிருக்கிறன். எழும்புங்கோ."

அது பெண்களுக்கு உதவுகிற ஒரு அலுவலகம். அங்கே இருந்த பிள்ளை தமிழ்நாட்டுக்காரி.

"அவர் கையெழுத்து எதுக்கும்மா? இது உங்க விண்ணப்பம். புருசன் கொடுமைப்படுத்தினா, பாதிக்கப்பட்டவங்களே தனியா நிரந்தர விசாவுக்குப் போடலாம்."

"அவருக்கு அறிவிப்பினமோ பிள்ளை?"

"மாட்டாங்கம்மா."

இரண்டரை வருசம் அந்தக் கையெழுத்துக்குப் பயந்து அடி வாங்கியிருக்கிறேன். அது தேவையே இல்லையாம்.

முதலில் மூன்று மாத அனுமதி எடுத்துத் தந்தார்கள். இருக்க ஒரு அறை, சாப்பாட்டுக்கு உதவி, எல்லாம் கிடைத்தது. பெரிய விண்ணப்பத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். டொக்டரின் குறிப்பில் நான் வழுக்கி விழுந்தவள். என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

மச்சாள் எழுதினா. இரண்டு பக்கம். காயங்களைக் கண்டது, முதல் மனுசியின் கதை, என்னைத் தம்பி திருப்பி அனுப்பியது, ஒன்றையும் விடவில்லை. தம்பி சத்தம் போட்டானாம்.

"குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைக்கப் போறியோ?"

"சந்தி சிரிக்கட்டும். நீங்கள் ஒருக்கா இருந்து அழுங்கோ" என்றாவாம் மச்சாள். போனில் இதைச் சொல்லிவிட்டு அவவே அழுதா. நான் வாய்க்குள் திட்டிய மனுசி மூலமாகத்தான் அம்மன் எனக்கு இரங்கினா.

மாதக் கணக்காகக் காத்திருந்தேன். கதவு தட்டினால் லைட்டை அணைத்துவிடுவேன். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை போன் எடுத்து, "அம்மா, கிடைச்சிருச்சு! இனி உங்களை யாரும் அனுப்ப முடியாது" என்றாள். நான் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு "தாயே, தாயே" என்றேன்.

செய்தி கேட்டுத் தம்பி போன் எடுத்தான்.

"அக்கா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுதானே. இன்னும் என்னிலை கோவமோ?"

முந்தி என்றால் இல்லையடா என்று சொல்லியிருப்பேன்.

"ஓம்" என்றேன்.

அவனுக்காகவும் அம்மனிடம் கும்பிடுகிறேன். ஆனால் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று இந்தச் சாட்சியில் எழுதினால் அது பொய். இப்போது என் அறையைப் பூட்டித் திறக்க நானே திறப்பு வைத்திருக்கிறேன். பயமில்லாமல் சாப்பிடுகிறேன். இது அம்மன் தந்தது.

என்னைப் போல ஆரும் இருந்தால் அம்மனை நம்பிக் கேளுங்கோ. அவ காட்டுகிற வழி சிலவேளை நெஞ்சை அறுக்கும். அப்படியும் கேளுங்கோ. வெள்ளிக்கிழமை துர்க்கை சந்நிதியில் இடது பக்கத்துத் தூணடியில் நான் நிற்பேன். எனக்குக் கதைக்கக் கூச்சம், நானாக ஒன்றும் கேட்கமாட்டேன். பக்கத்தில் வந்து நில்லுங்கோ. அந்த அலுவலகத்துக்கு எந்த பஸ் என்று எனக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போவேன்.